மதுசாரத் தங்கிநிலை: 'அல்கஹோலிசம்' என்ற சொல்லும் அதற்கு நேரான தமிழும்

குடிப்பதைக் கட்டுப்படுத்த இயலாத நோயைக் குறிக்கும் 'அல்கஹோலிசம்' என்பதைக் கொழும்பில் தமிழில் எழுத நேரும்போது குடிப்பழக்கம், குடிவெறி, மதுவுக்கு அடிமையாதல் ஆகிய சொற்களை ஒன்றுக்கொன்று ஈடாக ஆள்கிறோம். இவை ஒரே பொருளைத் தருவன அல்ல. குடிவெறி, இரவில் ஏறி விடிவதற்குள் இறங்கிவிடும் நிலை. குடிப்பழக்கம் என்பதில் மாதமொருமுறை விருந்தில் அருந்துபவரும் அடங்குவார். ஒழுங்கையில் தள்ளாடி வருபவரை 'வெறிக்குட்டி' என்று சொல்லிவிடுகிறோம். ஒருநாளும் தள்ளாடாமல், காலையில் நேரத்துக்குக் கந்தோருக்குப் போய்வரும் ஒருவருக்கும் இந்நோய் இருக்கக்கூடும் என்பதை அந்தச் சொல் நமக்கு மறைத்துவிடுகிறது.

இதற்கு அடியான 'அல்கஹோல்' என்ற பிறமொழிச் சொல்லின் வரலாறும் நேர்கோடானது அன்று. 'அல்குஹ்ல்' என்ற அரபுச் சொல் கண்ணுக்கு இடும் மிக நுண்ணிய அஞ்சனப் பொடியைக் குறித்தது. கொழும்பு முஸ்லிம் வீடுகளில் சுறுமாவை அறிந்தவர்களுக்கு இப்பொருள் அந்நியமாக இராது. ஐரோப்பாவுக்குச் சென்ற அச்சொல், நுண்பொடி என்ற பொருளிலிருந்து ஒன்றை வடித்தெடுத்த சாரம் என்ற பொருளுக்கு விரிந்து, பின்னர் திராட்சை மதுவை வடித்துப் பெறும் சாரத்துக்கே உரியதாயிற்று. இலங்கைத் தமிழில் வழங்கும் 'மதுசாரம்' என்ற சொல்லும் மதுவின் சாரம் என்றே பொருள்படுவதால், இதனினும் பொருத்தமான ஆக்கம் வேண்டியதில்லை என்பது என் துணிபு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் பெயரிலும் இச்சொல்லே இடம்பெற்றுள்ளது.

1849 இல் சுவீடன் மருத்துவர் மக்னஸ் ஹஸ் 'அல்கஹோலிஸ்மஸ்' என்ற சொல்லை ஆக்கியபோது, நெடுங்காலம் அருந்தியதால் நரம்புக்கும் உடலுக்கும் நேரும் நச்சுப் பாதிப்பையே அவர் கருதினார். குடிப்பதை நிறுத்த இயலாமை என்ற பொருள் பின்னரே அச்சொல்லில் மேலோங்கியது. ஒரே சொல் உடற்கேடு, அடங்கா வேட்கை, ஒழுக்கக் குறைவு என எல்லாவற்றையும் சுமக்கத் தொடங்கியதால், நோயை வரையறுப்பதற்கு அது பயன்படாமற் போயிற்று. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் அச்சொல்லைக் கைவிட்டது. 2013 இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, மதுசாரப் பாவனைக் கோளாறு என்ற ஒரே தலைப்பின்கீழ் 11 அடையாளங்களைத் தருகிறது. ஓராண்டுக்குள் அவற்றில் இரண்டோ மூன்றோ தென்பட்டால் இலேசானது. நான்கோ ஐந்தோ என்றால் நடுத்தரமானது. ஆறும் அதற்கு மேலும் கடுமையானது.

2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, தங்கிநிலையை, அதாவது மதுவை விட இயலாதவாறு அதையே சார்ந்திருக்கும் நிலையை, மூன்று கூறுகளால் அறிகிறது. முதலாவது, எப்போது தொடங்குவது, எவ்வளவு அருந்துவது, எங்கே நிறுத்துவது என்பவை தன் கையை விட்டுப் போதல். இரண்டாவது, வீடு, தொழில், உடல்நலம் எல்லாவற்றையும் பின்தள்ளி மது முன்னிடம் பெறுவதும், கேடு கண்கூடான பிறகும் பாவனை தொடர்வதும். மூன்றாவது உடல் சார்ந்தது: பழைய அளவு போதாமற் போதல், நிறுத்தினால் கை நடுங்குதல், அந்நடுக்கத்தைத் தணிக்கவே மறுபடியும் அருந்துதல். காலையில் பிளேன்ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்த வேண்டியிருந்து, ஒரு மிடறு சாராயம் இறங்கியதும் விரல்கள் அமைதியடைந்தால், அது இம்மூன்றாவது கூறின் தெளிவான வடிவம்.

இவற்றுள் எதுவும் இன்ன பானம் என்றோ இத்தனை போத்தல் என்றோ சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'அவர் பியர் மட்டும்தானே' என்று வீட்டார் ஆறுதல் கொள்வதுண்டு. ஆனால் நூற்றுக்கு 8.8 வீத மதுசாரம் கொண்ட 625 மில்லிலீற்றர் கடும் பியர்ப் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 43 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. 50 மில்லிலீற்றர் வீதம் மூன்று முறை ஊற்றிய சாராயத்திலும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். இன்னொரு ஆறுதல் கார்த்திகையில் வரும். ஐயப்பனுக்கு மாலை போட்ட 41 நாளும் தொடவில்லை, ஆகவே அவர் நினைத்தால் விட்டுவிடுவார் என்பார்கள். விரதத்தின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை; அந்த நாட்கள் உண்மையில் மதிப்பு வாய்ந்தவை. எனினும் மாலை கழற்றிய கிழமையிலேயே பழைய அளவுக்குத் திரும்புவாராயின், அந்த இடைவெளியைக் காட்டித் தங்கிநிலை இல்லை என்று கூறிவிட முடியாது.

இனித் தமிழாக்கம். 'அடிமை' என்ற சொல்லை ஒதுக்கவே விரும்புகிறேன். அது வேட்கையின் வன்மையை உணர்த்தினாலும், ஆளை இழிவுபடுத்தி, சிகிச்சைக்கு வர வேண்டியவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. தமிழகத்தில் வழங்கும் 'குடிநோய்' எளியது, பேச்சுக்கு உகந்தது, இது நோய் என்பதை நேரே சொல்வது. பொதுக் கட்டுரைகளில் அதைத் தயங்காமல் ஆளலாம். மருத்துவ எழுத்தில் முழு வீச்சையும் குறிக்க 'மதுசாரப் பாவனைக் கோளாறு' என்றும், மேற்கண்ட மூன்று கூறுகளால் அறியப்படும் நிலைக்கு 'மதுசாரத் தங்கிநிலை' என்றும் எழுதுவது தகும். தங்கியிருத்தல் என்ற வினை நம் நாட்டுத் தமிழில் ஏற்கெனவே இப்பொருளில் வழங்குவதால் வாசகர் தடுமாற மாட்டார். ஆளைக் குறிக்கும்போது 'குடிகாரர்' என்பதை விட்டு, 'தங்கிநிலை உள்ளவர்' என்று எழுதவேண்டும்.

பிழையான சொல் உயிராபத்தையும் விளைவிக்கக்கூடும். இதை வெறும் கெட்ட பழக்கம் என்று கருதும் வீட்டார், நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாக அருந்தியவரை அறையில் பூட்டி, ஒரே நாளில் நிறுத்தச் செய்கிறார்கள். மதுசாரத்துக்குப் பழகிய மூளை அது திடீரென இல்லாதபோது கட்டுமீறித் தூண்டப்படுகிறது; முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் கடும் குழப்பமும் தோன்றலாம். அந்தப் பிதற்றலைப் பேய் பிடித்ததென எண்ணிப் பார்வை பார்க்க அழைத்துச் செல்வதில் கழியும் நேரத்தில் உயிர் பிரிவதும் உண்டு. மருத்துவரின் கண்காணிப்பில், மருந்தும் தயமின் விற்றமினும் கொடுத்து நிறுத்தினால் இவற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் நேரே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.