தாடை பொய், பற்கள் மெய்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் துணியில் சுற்றிய தாடை ஒன்றை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். மொசாசார் என்ற பழங்காலக் கடல் பல்லியின் தாடை என்று சொல்லி அவருக்கு விற்றிருக்கிறார்கள். மஞ்சள் மணற்கல்லில் வரிசையாகப் பதிந்த பற்கள், ஒவ்வொன்றும் விரல் நீளம். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினேன். பற்கள் ஒரு நிறத்தில் தெரிந்தன. அவற்றைச் சுற்றியிருந்த கல் திட்டுத்திட்டாக வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. பசையில் குழைத்த மணல் அது. பற்கள் உண்மையானவை, ஆனால் பல விலங்குகளிடமிருந்து எடுத்தவை. தாடை என்று அங்கே எதுவுமே இல்லை.

புதைபடிவங்களைச் சுத்தம் செய்து ஆய்வுக்குத் தயார்ப்படுத்துவது என் தொழில். இத்தகைய தாடைகளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது. பணத்தை இழந்தவருக்காக மட்டும் அல்ல. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மொசாசாரின் உண்மையான தாடை, இந்தப் போலியைவிடப் பல மடங்கு வியப்பானது. பழைய பல்லின் வேரைக் கரைத்துக்கொண்டு அதன் அடியிலேயே புதிய பல் உருவாகும். மேலண்ணத்தில் இன்னும் இரண்டு வரிசைப் பற்கள் உண்டு. கவ்விய இரையைத் தொண்டையை நோக்கி நகர்த்த அவை உதவின. பல்லைப் பிடுங்கி மணலில் நட்டவர்கள் இத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

பயங்கரமாகத் தெரியும் பாகத்துக்கே சந்தையில் விலை. அந்தப் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு விலங்கைப் புரிந்துகொள்ள முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு டெய்னோகைரஸ் என்ற டைனோசரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 1965இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் போலந்து-மங்கோலியக் குழு ஒன்று இரண்டு முன்கைகளைக் கண்டெடுத்தது. ஒவ்வொன்றும் 2.4 மீட்டர் நீளம். நுனியில் வளைந்த பெரிய நகங்கள். உடலின் மற்ற பாகங்களில் சில துண்டுகளே கிடைத்தன. 1970இல் 'பயங்கரக் கை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் கைகளுக்குப் பின்னால் எப்படிப்பட்ட உடல் இருந்தது என்பது புதிராகவே இருந்தது.

2006இலும் 2009இலும் மேலும் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆனால் 2009இல் கிடைத்ததைத் திருடர்கள் முன்பே தோண்டிவிட்டிருந்தார்கள். தலை, கைகள், பாதங்கள் என விலைபோகும் பாகங்களை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திருட்டுப்போன மண்டையோடும் பாதங்களும் ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பில் தென்பட்டு, 2014இல் மங்கோலியாவுக்குத் திரும்பின. அதே ஆண்டில்தான் முழு உருவமும் உலகுக்குத் தெரிந்தது. முதுகில் திமில்போல் உயர்ந்த எலும்புகள், வாத்தின் அலகைப் போல் அகன்ற, பல்லே இல்லாத வாய். வயிற்றுப் பகுதியில் 1,400க்கும் அதிகமான கூழாங்கற்கள், அவற்றோடு மீன்களின் எச்சங்கள். 'பயங்கரக் கை'க்குச் சொந்தமான விலங்கு செடிகொடிகளையும் மீனையும் தின்று வாழ்ந்திருக்கிறது! அந்தக் கூழாங்கற்களைத் திருடர்கள் யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். பல் இல்லாத விலங்குக்குச் செடிகொடிகளை வயிற்றில் அரைக்க உதவிய அவையும் அந்த மீன் எச்சங்களும்தாம் அதன் உணவைச் சொன்னவை.

ஹெலிகோப்ரியான் கதையும் எனக்கு நெருக்கமானது. சுறா போன்ற பழங்கால மீன் ஒன்றின், வட்ட ரம்பத்தைப் போலச் சுருண்ட பல்வரிசை அது. 1899இல் ரஷ்ய அறிஞர் கார்பின்ஸ்கி விவரித்தார். மூக்கின் மேல், முதுகில், வால் நுனியில் என்று அதைப் பொருத்திப் பார்க்காத இடம் இல்லை. அமெரிக்காவின் ஐடஹோவில் கிடைத்த ஒரு மாதிரியை சி.டி. ஸ்கேன் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கல்லுக்குள் தாடைக் குருத்தெலும்பும் பதிந்திருப்பது தெரிந்தது. ரம்பம் கீழ்த்தாடையின் நடுவில் இருந்தது. பற்கள் பளிச்சென்று தெரியட்டும் என்று யாராவது சுற்றியிருந்த கல்லைச் செதுக்கி எறிந்திருந்தால் அந்த விடை கைநழுவிப் போயிருக்கும். கனடாவின் பர்ஜஸ் பாறையில் கிடைத்த, 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹாலுசிஜீனியா என்ற சிறு கடல் உயிரியில் தலை என்று நம்பப்பட்டது ஒரு கரிய கறை. உடலிலிருந்து பிதுங்கிய திரவம் படிந்த தடம் அது என்பதும், உண்மையான தலை மறுமுனையில் இருந்தது என்பதும் 2015இல்தான் உறுதியாயின.

ஆகவே யாராவது புதைபடிவத்தை விற்க வந்தால், எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது, வெளியே கொண்டுவர அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். எல்லாப் பற்களும் ஒரே அளவில், கீறலின்றி நிற்கும் தாடையைக் கண்டால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

நீங்களே ஒன்றைக் கண்டால் தோண்டாதீர்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டீர்கள் என்றால் வார்னிஷ் பூச வேண்டாம், கழுவவும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் எங்களுக்கு வேண்டும்.