டொமைனும் இணையத்தளமும்

டொமைன் பெயர்களை, அதாவது ‘டொட் கொம்’ போன்ற முடிவோடு வரும் இணைய முகவரிப் பெயர்களை, வாங்கி விற்று, அத்தொழில் பற்றிய செய்தி இதழொன்றையும் இணையத்தில் நடத்திவரும் ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பின் தமிழாக்கத்தைப் பிழை பார்த்துத் தருமாறு அண்மையில் என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரியிலேயே அவர் ‘இணையத்தள முதலீட்டாளரும் பதிப்பாளரும்’ ஆகியிருந்தார். இத்தொடரைப் பலமுறை கண்டும் பேசாமல் விட்ட நான் இம்முறை சிவப்புப் பேனையை எடுத்தேன்.

தலைவனைக் குறிக்கும் ‘டொமினுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழியில், பிரெஞ்சு ஊடாக ஆங்கிலத்துக்கு வந்தது டொமைன். ஒருவருடைய ஆளுகைக்குட்பட்ட நிலம் என்பது பொருள். 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த டொமைன் பெயர் முறைமை, கணினிகளின் எண் முகவரிகளுக்கு நினைவில் நிற்கும் பெயர்களைத் தந்தது. ‘ஆள்களம்’ என்ற தமிழாக்கம் வேர்ப்பொருளைக் காக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை.

குறையெல்லாம் டொமைன் பெயரை ‘இணையத்தளம்’ ஆக்குவது பற்றியதே. எங்கள் காணி உறுதிகளை விரித்துப் பாருங்கள்: ‘ஆலடி வளவு’ என்றாற்போல் காணியின் பெயர் முதலில் நிற்கும், பரப்புக் கணக்கும் நான்கு எல்லைகளும் பின்னால் வரும். வீடு இடிந்து வடலி முளைத்தாலும் உறுதியில் அந்தப் பெயர் மாறாது. டொமைன் பெயரும் அதன்மேல் தளம் எதுவும் இல்லாமலே நிற்கக்கூடியது. முதலீட்டாளர் பெரும்பாலும் அதில் ஒரு பக்கமும் எழுதாமல், விளம்பரத்தை மட்டும் போட்டுவிட்டு நல்ல விலைக்குக் காத்திருப்பார். 1999 இல் பிஸ்னஸ்.கொம் 75 இலட்சம் டொலருக்குக் கைமாறியபோது விலைபோனது பெயர்தான்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. காணியை அறுதியாக எழுதி வாங்கலாம். டொட் கொம் பெயரையோ ஒரே தடவையில் 10 ஆண்டுகளுக்கு மேல் பதிய முடியாது, தவணை கட்டத் தவறினால் அது கைவிட்டுப் போகும். ஆகவே ‘உரிமையாளர்’ என்பதைவிடக் ‘குத்தகைக்காரர்’ என்பதே உண்மைக்குக் கிட்ட வரும்.

‘இணையத்தளம் என்றால்தான் சனத்துக்கு விளங்கும்’ என்பது மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கமான சாட்டு. விளங்குவது எது? அதே தமிழாக்கத்தின் நடுவில் ‘இணையத்தளத்தைப் புதுப்பிக்க மறந்ததால் அதை இழந்தார்’ என்றொரு வாக்கியம் இருந்தது. வடிவமைப்பை மாற்றாததற்காகவா ஒருவருடைய தளத்தைப் பறிப்பார்கள் என்று வாசகர் திகைப்பார். பதிவைப் புதுப்பிப்பதே அங்கு பேச்சு. தூய தமிழ் வேண்டுமென்று ‘ஆள்கள முதலீட்டாளர்’ என எழுதுவோரும் ‘பெயர்’ என்பதை விழுங்கிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது ஏதோ அரசியல் பதவிபோல் ஒலிக்கிறது. அதைவிட ‘டொமைன் பெயர்’ என்று கடன்சொல்லோடு எழுதுவது எவ்வளவோ மேல். (2010 முதல் ‘.இலங்கை’ என்ற முடிவோடு தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. அப்படி வைப்பதை என்னவென்று அழைப்பது என்பதில்தான் எங்களுக்கு இன்னும் தடுமாற்றம்.)

‘பதிப்பாளர்’ என்பதையும் திருத்தினேன். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றியது பதிப்பு. பெயர்ச்சந்தையின் விலை நிலவரத்தை எழுதி வெளியிடுபவருக்கு ‘வெளியீட்டாளர்’ போதும்.

‘ஆள்களப் பெயர் முதலீட்டாளரும் இதழ் வெளியீட்டாளரும்’ என்று திருத்தி அனுப்பினேன். நீளம் கூடிவிட்டதென்று ‘பெயர்’ என்பதை மட்டும் வெட்டிவிட்டு அச்சிட்டார்கள்.