விற்றமின் குளிசையால் கரு தங்காது

கடந்த வாரம் 36 வயதுச் சகோதரியொருவர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சொப்பிங் பையொன்றை என் மேசையில் கவிழ்த்தார். விற்றமின் ஈ அட்டைகள், பல்விற்றமின் போத்தல்கள், மீன் ஈரலெண்ணெய்க் குளிசைகள் என எல்லாமே கொழுந்தெடுத்த கூலியில் பாமசியில் வாங்கியவை. “மூணு வருசமா விடாம குடிக்கிறேங்க டொக்டர், இன்னும் ஒண்ணும் தங்கலைங்க” என்றார். கணவருக்குப் பரிசோதனை ஏதும் செய்தீர்களா என்று கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த ஆண்டில் இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! விற்றமின், உடலில் குறைந்திருப்பதை நிரப்பும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. அடைபட்ட கருக்குழாயை அது திறக்காது, தைரொயிட் கோளாறைச் சீராக்காது, வயதோடு குறையும் சினைமுட்டைகளைக் கூட்டித் தராது. மனைவி விழுங்கும் குளிசை கணவனின் விந்தணுக் குறைபாட்டை எப்படித் தீர்க்கும்? குழந்தைப்பேறு தாமதிக்கும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. இருந்தும் லயத்தில் “மலடி” என்ற சொல் பெண்ணின் மீதே விழுகிறது. அந்தச் சொல்லுக்குப் பயந்தே அவள் போத்தல் போத்தலாக வாங்குகிறாள்.

போலிக் அமிலம் மட்டும் அவசியம் வேண்டும், ஆனால் அதுவும் கருத்தரிக்க வைப்பதற்கல்ல. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாட்களுக்குள், அதாவது மாதவிலக்கு தள்ளிப்போனது தெரியவரும் காலத்திலேயே, மூடிவிடுவதால், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமாவது கருத்தரிக்கும் முன்பிருந்தே எடுக்க வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அளவு கூடுதல் என்பதால், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொன்னால் போதும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

மீன் ஈரலெண்ணெயை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள விற்றமின் ஏ, மற்றக் குளிசைகளில் உள்ளதோடு சேர்ந்து நாளுக்கு 10,000 அலகைத் தாண்டினால் கருவில் பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும். முடி வளர்வதற்கென்று பயோட்டின் என்ற விற்றமினை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்; தைரொயிட் முடிவுகளையே அது பிழையாகக் காட்டிவிடும். இரத்தச்சோகைக்குத் தந்த இரும்புக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால், அதில் பெரும்பங்கு உடலில் சேராமலே போகும்.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே, இருவருமாக வாருங்கள். அந்தச் சகோதரி இழந்த மூன்று வருடங்களை என்னால் திருப்பித் தர முடியாது. அண்ணன்மாரே, உங்களுக்கான முதற் பரிசோதனையான விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. தயவுசெய்து அவளைத் தனியே அனுப்பாதீர்கள்.