கேம்: அச்சிடும் கணக்கு இயந்திரத்தின் நெம்புருள்

‘கேம்’ என்று தமிழில் எழுதினால் பாதிப் பேர் விளையாட்டு என்று படிப்பார்கள். பைக் மெக்கானிக்கிடம் சொன்னால் கேம் ஷாஃப்டைக் காட்டுவார். இங்கே பேசப்போவது அவர் காட்டுவதைத்தான். ஆனால் இன்ஜினில் இருப்பதை அல்ல, மின்னணுக் கால்குலேட்டர் வருவதற்கு முன் வங்கிகளிலும் கணக்குப் பிரிவுகளிலும் காகிதச் சுருளில் எண்களை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரங்களில் இருப்பதை.

கேம் என்பது முழு வட்டமாக இல்லாத ஒரு சக்கரம். தண்டில் இறுகப் பொருத்திய எஃகுத் தகடு; விளிம்பு ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் தணிந்தும் இருக்கும். விளிம்பை ஒட்டி, நுனியில் சிறு உருளை வைத்த ஒரு லீவர் நிற்கும். புடைப்பு வந்தால் லீவர் தள்ளப்படும். புடைப்பு கடந்ததும் ஸ்பிரிங் இழுத்து அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். விளிம்பு ஒரே உயரத்தில் நீளும் பகுதியில் லீவர் அசையாமல் நிற்கும். சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் உறுப்பு என்று பாடநூல் சொல்வது சரிதான். கணக்கு இயந்திரத்தில் அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. எந்த அசைவு முதலில், எது அடுத்து, எது எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தத் தகட்டின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது.

சொல்லின் வேர் டச்சு மொழியின் ‘காம்’. சீப்பு என்று பொருள். பற்சக்கரத்தின் பல்லுக்கும் அதே பெயர். ஜெர்மன் ‘காம்’, ஆங்கிலத்தில் சீப்பைக் குறிக்கும் ‘கோம்’ இரண்டும் அதே குடும்பம். ஆங்கிலத்தின் தொழிற்பேச்சில் 18ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. ஆலைத் தண்டில் பல் போல் துருத்திய முளைகள் உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டதை நினைத்தால் பெயர்ப் பொருத்தம் தெரியும்.

தமிழில் ‘நெம்புருள்’ என்ற சொல் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் ‘நெம்புருள் தண்டு’. நெம்புதல் கிளப்பித் தள்ளுவது, உருள் சக்கரம். ‘உருள்பெருந்தேர்’ என்று குறளிலேயே (667) உருள்வதைக் குறித்து வருகிற உருளும் இதே வேர்தான். செய்யும் வேலையையும் வடிவத்தையும் சேர்த்துச் சொல்வதால், டச்சுச் சீப்பைவிட இது பொருத்தமான சொல் என்பேன். நெம்புருளை ஒட்டி நிற்கும் லீவரை இந்தக் கட்டுரையில் ‘தொடரி’ என்றும், அது அசையாமல் நிற்கும் பகுதியை ‘தங்கல்’ என்றும் எழுதுகிறேன்.

இனி இயந்திரத்துக்குள். கூட்டி அச்சிடும் இயந்திரத்தில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பற்சட்டம் உண்டு. ஒரு முனையில் 0 முதல் 9 வரை அச்செழுத்துகள் இருக்கும், அல்லது அச்சுச் சக்கரம் ஒன்றை அது திருப்பும். சட்டத்துக்குப் பக்கத்தில் கூட்டல் சக்கரம். இந்தச் சக்கரம் சட்டத்தின் பற்களோடு கோத்துக்கொள்ளவும் விலகவும் முடியும். கவனிக்க வேண்டிய உறுப்புகள் இவ்வளவே.

முதன்மைத் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சுழற்சி முடிந்தது. 7 என்ற விசையை அழுத்திக் கூட்டச் சொன்னால் நடப்பது இது. முதலில் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். நடுவில் யாரும் எண்ணை மாற்ற முடியாது. பிறகு பற்சட்டம் முன்னால் நகர்ந்து, 7ஆம் இடத்தில் நிற்கும் தடையில் முட்டி நிற்கும். சக்கரம் இப்போது விலகியிருக்கிறது. சட்டம் நின்ற பிறகுதான் சுத்தியல் விடுபட்டு 7ஐக் காகிதத்தில் அடிக்கும். அடித்ததும் சக்கரம் சட்டத்தோடு கோத்துக்கொள்ளும். சட்டம் திரும்பி வரும் வழியில் சக்கரத்தை ஏழு பல் திருப்பும். கடைசியில் சக்கரம் விலகும், பலகை திறக்கும். சுற்றின் முதல் பாதி எண்ணை எடுத்து அச்சிட, பின்பாதி கூட்ட என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனையாவது பாகையில் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், வரிசை மாறாது.

மொத்தம் எடுப்பது எப்படி? புது உறுப்பு எதுவும் வேண்டாம். சட்டம் கிளம்பும் முன்பே சக்கரம் கோத்துக்கொண்டால் போதும். முன்னே போகும் சட்டம் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பும். சக்கரம் சுழியத்தை எட்டியதும் அதிலுள்ள அகன்ற பல் ஒரு தடையில் முட்டும். சட்டமும் அங்கேயே நிற்கும். சக்கரத்தில் 6 இருந்திருந்தால் சட்டம் ஆறு படி நகர்ந்திருக்கும், 6 அச்சாகும். பிறகு சக்கரம் விலகி, சட்டம் வெறுமனே திரும்பும். சக்கரத்தில் சுழியம்; மொத்தம் காகிதத்துக்குப் போய்விட்டது. சக்கரம் விலகாமல் பின்பாதியிலும் கோத்தபடியே இருந்தால் திரும்பும் சட்டம் அதே ஆறு பல்லைத் திரும்பக் கொடுத்துவிடும். இதுதான் இடைமொத்தம்: அச்சும் ஆயிற்று, தொகையும் அழியவில்லை.

ஆக, முன்பாதியில் விலகி பின்பாதியில் கோத்தால் கூட்டல். முன்பாதியில் கோத்து பின்பாதியில் விலகினால் மொத்தம். இரண்டிலும் கோத்தால் இடைமொத்தம். இரண்டிலும் விலகியே இருந்தால்? எண் அச்சாகும், கணக்கில் சேராது. தேதியோ பில் எண்ணோ அடிக்க அதுவே வசதி. சாத்தியமான நான்கு சேர்க்கைகளுக்கும் வேலை கிடைத்துவிட்டது, ஒன்றுகூட வீணாகவில்லை. காகிதத்தில் மொத்தத்துக்குப் பக்கத்தில் உடுக்குறி (*) விழும். கூட்டாத எண்ணுக்குப் பல இயந்திரங்களில் # விழும்.

இந்த நான்கில் எது என்பதை விசைதான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் விசை நெம்புருளைத் தொடுவதே இல்லை. நெம்புருள்கள் எல்லாச் சுழற்சியிலும் ஒரே மாதிரிதான் சுற்றுகின்றன. ‘மொத்தம்’ விசை நடுவிலுள்ள இணைப்புக் கம்பியின் கொக்கியை ஒரு தொடரியிலிருந்து கழற்றி இன்னொரு தொடரியின் முளையில் மாட்டிவிடும், அவ்வளவுதான். வேலையை விரல் தேர்ந்தெடுக்கிறது; நேரத்தை நெம்புருள் வைத்துக்கொள்கிறது. இந்தப் பிரிவினை இல்லாவிட்டால், விசையை அழுத்தும் வேகத்துக்குத் தக்கபடி கணக்கு மாறும்.

கைப்பிடி இயந்திரங்களில் அந்தத் தொல்லை உண்மையிலேயே இருந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் வில்லியம் சீவர்ட் பரோஸ் 1888இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், தொடக்கத்தில் ஆளுக்கு ஆள் கைப்பிடி இழுக்கும் வேகம் மாற, விடையும் மாறியது. அவர் கண்ட தீர்வு எண்ணெய் நிரப்பிய ஓர் உருளையும் பிஸ்டனும். கை ஸ்பிரிங்கை மட்டுமே இழுக்கும். ஸ்பிரிங் இயந்திரத்தை ஓட்டும். எண்ணெய் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பாதியில் கைப்பிடியை விட்டுத் திரும்ப இழுக்க முடியாதபடி பற்களில் விழும் தடுப்புக் கொக்கி தனி.

மோட்டார் வந்த பிறகு அந்த இடத்தை ஒற்றைச் சுற்றுக் கிளட்ச் எடுத்துக்கொண்டது. மோட்டார் ஓடினாலும் தண்டு நிற்கும். விசை ஒரு தடுப்பை விலக்க, கிளட்ச் பிடித்துக்கொண்டு தண்டைச் சுற்றும். 360 பாகை முடிந்ததும் அதே தடுப்பு குறுக்கே விழுந்து கிளட்சைக் கழற்றும். பழைய இயந்திரங்களில் முதலில் கெடுவது இந்த இடம்தான். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து இறுகிய கிரீஸ் தடுப்பைத் தாமதமாக விழவைக்கும். தண்டு இன்னொரு சுற்றுச் சுற்றிவிடும். ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன் பழைய கிரீஸைக் கரைத்துக் கழுவி, சுழல்முனைகளில் மட்டும் லேசான எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

மற்றக் கோளாறுகளையும் சுற்றின் எந்தப் பகுதியில் நேர்கிறது என்று கேட்டாலே பாதி கண்டுபிடித்த மாதிரி. மொத்தம் எடுத்ததும் மறுபடி மொத்தம் எடுங்கள். உடுக்குறியோடு வெற்றாகவோ சுழியமாகவோ வர வேண்டும். 1 வந்தால், சக்கரம் விலகும் முன்பே சட்டம் திரும்பத் தொடங்கி ஒரு பல்லை இழுத்துவிட்டது. தொடரியின் உருளை தேய்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். 99உடன் 1ஐக் கூட்டி 90 வந்தால், ஒன்றாமிடச் சக்கரம் 9லிருந்து 0க்குத் திரும்பும்போது தட்டிவிட வேண்டிய, பத்தாமிடத்துக்கு 1ஐக் கடத்தும் கொக்கி விழவில்லை. எல்லா இலக்கத்திலும் 9 அடித்து 1ஐக் கூட்டினால் இந்தக் கொக்கிகள் அத்தனையையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். சில பழைய மாடல்களில் மொத்தத்துக்கு முன் ஒருமுறை வெறுமனே இழுக்கச் சொல்வதும் இவற்றுக்காகத்தான். முந்தைய கூட்டலில் விழுந்த கொக்கிகள் அடுத்த சுழற்சியின் தொடக்கத்தில்தான் பழைய நிலைக்கு ஏறும். அவை ஏறாமலே மொத்தம் எடுத்தால் விடை பிசகும்.

நடுச்சுற்றில் சிக்கி நின்ற இயந்திரத்தின் விசைகளை வலுக்கட்டாயமாக அழுத்தக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரைக் கையால் மெல்லத் திருப்பி, தண்டு எந்த இடத்தில் இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். நெம்புருளைத் தண்டில் இறுக்கிய ஊசியைத் தட்டிக் கழற்றுவது கடைசி வேலை. ஒரு நெம்புருள் கொஞ்சம் திரும்பினாலும் மொத்த வரிசையையும் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது ஒரு விசைக்கு ஒரு சுழற்சி. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் பல சுழற்சிகளை அடுத்தடுத்து ஓட்ட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதையும் இயந்திரமே முடிவு செய்ய வேண்டும். இத்தாலியின் இவ்ரேயாவில் ஒலிவெட்டி நிறுவனம் 1956இல் கொண்டுவந்த திவிசும்மா 24 இந்த வகையில் பேர்போனது. உட்பொறி நத்தாலே கபெல்லாரோவுடையது. தொழிலாளியாக அங்கே சேர்ந்து வடிவமைப்பாளராக உயர்ந்தவர். வெளிக்கூடு மார்செல்லோ நித்சோலியுடையது.

97ஆல் பெருக்க, வெறும் கூட்டலாகச் செய்தால் 9 + 7 = 16 சுழற்சி. நூறு மடங்கு கூட்டி மூன்று முறை கழிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு நான்கு போதும். வகுத்தல் இன்னும் சுவையானது. 17ஐ 5ஆல் வகுக்க 5ஐக் கழித்துக்கொண்டே போகும்: 12, 7, 2. மீதி போதவில்லை என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. நான்காம் முறையும் கழிக்கும். சக்கரங்கள் சுழியத்தைத் தாண்டி …9997 என்று நிற்கும். அப்படித் தாண்டும்போது மேல் இலக்கம் ஒரு லீவரைத் தட்டும். அந்த லீவர் அடுத்த சுழற்சியைக் கழித்தலிலிருந்து கூட்டலுக்கு மாற்றும். 5 திரும்பச் சேர்ந்து 2 மீளும், ஈவு 3 என்று நிற்கும், பிறகு ஓர் இடம் நகரும். ஈவின் இந்த ஓர் இலக்கத்துக்கு ஐந்து சுழற்சி.

கழித்துத் தாண்டுவதுதான் நிறுத்தும் அறிகுறி என்பதால், சுழியத்தால் வகுக்கச் சொன்னால் அந்த லீவர் ஒருபோதும் தட்டப்படாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காகவே வகுக்கும் இயந்திரங்களில் நிறுத்து விசை ஒன்று தனியாக உண்டு; அதை அழுத்தி, தண்டு தன் இடத்துக்கு வந்த பிறகு மொத்தம் எடுத்துச் சக்கரங்களை வெறுமையாக்கிவிட்டுத்தான் அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டும்.