லேட்டன்சி: தமிழில் எப்படிச் சொல்வது?

மைக்கில் பாடிய குரல் கம்ப்யூட்டருக்குள் போய், மென்பொருளைக் கடந்து, திரும்ப ஹெட்ஃபோனுக்கு வந்து சேர எடுக்கும் நேரம்தான் லேட்டன்சி. ரெக்கார்டிங் செய்பவர்கள் "என் குரல் எனக்கே பிந்திக் கேட்குது" என்று புலம்புவது இதைத்தான்.

சொல்லைப் பார்த்ததும் 'லேட்' என்பதிலிருந்து வந்திருக்கும் என்றுதான் தோன்றும். இரண்டுக்கும் உறவே இல்லை. லேட் பழைய ஆங்கிலச் சொல், லேட்டன்சியோ 'மறைந்திருத்தல்' என்று பொருள்படும் 'லாத்தேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பள்ளிக்கூட இயற்பியலில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்திருப்போமே, பனிக்கட்டி உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், தெர்மாமீட்டர் மட்டும் ஏறாது, அங்கே வரும் 'லேட்டன்ட்' இதே வேர்தான். உடலியலில் ஒரு தூண்டலுக்கும் அதற்கான எதிர்வினைக்கும் நடுவே வெளியில் ஒன்றும் தெரியாமல் கழியும் நேரத்துக்கும் இந்தச் சொல்லை வைத்தார்கள். மறைந்திருப்பது என்ற பொருள் இப்படித்தான் காத்திருக்கும் நேரம் என்று நகர்ந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை.

இது தெரியாமல் அகராதியின் முதல் வரியை மட்டும் பார்த்து 'மறைநிலை', 'உள்ளுறைவு' என்றெல்லாம் பெயர்த்தால், ஆடியோ விஷயத்தில் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'தாமதம்' எல்லோருக்கும் புரியும், ஆனால் ஒலிப்பதிவில் 'டிலே' என்று வேண்டுமென்றே சேர்க்கும் எஃபெக்ட் ஒன்று இருக்கிறது, தாமதம் என்ற சொல் அதற்குத்தான் பொருத்தம். நான் 'சுணக்கம்' என்பதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். "பணிகளில் சுணக்கம்" என்று செய்தித்தாளில் தினமும் பார்க்கிற சொல், ஈழத்தமிழில் "சுணங்கிப் போச்சு" என்றால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வேண்டாமல் வந்து சேர்கிற தாமதம் என்ற சாயல் அதில் தானாகவே இருக்கிறது. (சங்கப் பாடல்களில் வரும் 'சுணங்கு' தோலில் படரும் தேமல், அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

சரி, இந்தச் சுணக்கம் எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக வாங்கிச் செய்வதில்லை, ஒரு தொகுப்பு சேரும்வரை காத்திருந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறது, அந்தத் தொகுப்புதான் பஃபர். ஒலியை அளந்து எடுக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு சாம்பிள், நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.8 மில்லிநொடி, 1024 என்றால் 23 மில்லிநொடிக்கும் மேல். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, அப்புறம் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் ஆக்கும் மாற்றிகளும், அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருளான டிரைவர் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் கூடுதல் பஃபரும் எடுக்கும் நேரம், எல்லாம் கூடி வருவது இருவழிச் சுணக்கம். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும், ஆகவே 10 மில்லிநொடி என்பது ஆம்ப்ளிஃபயரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கிடார் வாசிப்பதுபோல, பலருக்கு அது உறுத்தாது. பாடுகிறவர்களுக்கு அதுவே உறுத்தும், தன் குரல் எலும்பு வழியாகவும் உடனே கேட்பதால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

அப்படியானால் பஃபரை 64-க்கு இறக்கிவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் இதே சொல்லின் இன்னொரு பயன்பாடு குறுக்கே வருகிறது. 64 சாம்பிள் என்றால் 1.45 மில்லிநொடிக்கு ஒருமுறை பஃபர் நிரம்பியாக வேண்டும். விண்டோஸ் அப்படி நேரம் தவறாமல் வேலை செய்வதற்கென்று உருவானதல்ல. நெட்வொர்க் டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ இரண்டு மில்லிநொடி பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் பஃபர் காலியாகி 'டிக்' என்று ஒரு வெடிப்பு பதிவில் விழும். 'டிபிசி லேட்டன்சி' என்று சொல்வது இதை, டிரைவர்கள் சற்றுத் தள்ளிவைத்து முடிக்கும் வேலைக்கு விண்டோஸில் டிபிசி என்று பெயர். முதலாவதை ஒலிச் சுணக்கம் என்றும் இதைக் கணினிச் சுணக்கம் என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும். ஒலிச் சுணக்கம் நாம் வைத்தபடி மாறாமல் நிற்கும், கணினிச் சுணக்கம் எப்போது வரும் என்றே தெரியாது, அதைச் சரிசெய்யாமல் பஃபரை மட்டும் குறைப்பது வீண்வேலை.

விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவியைச் சில நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும். பட்டியலின் உச்சியில் 'என்டிஐஎஸ்.சிஸ்' நின்றால் சந்தேகம் நெட்வொர்க் மேல், ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். 'ஏசிபிஐ.சிஸ்' என்றால் மின்சார நிர்வாகம், லேப்டாப்பில் பேட்டரி அளவைச் சோதிக்கும் வேலைகூட இதில் மாட்டும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவது, இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரே தரும் ஆசியோ டிரைவரைப் போடுவது, இவை கட்டாயம். ஆசியோ என்பது 1997-இல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த வழி, விண்டோஸின் மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு நேராக ஒலிக்கருவியிடம் பேசும். மேக்கில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு கூடவே இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு. லினக்ஸில் நேரம் தவறாமல் வேலை செய்ய வைக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற ஒட்டு நிரல் 2024-இல் அதன் மையப் பகுதியான கெர்னலின் 6.12 பதிப்போடு மூல நிரலிலேயே சேர்ந்துவிட்டது.

பதிவு மென்பொருளில் ஒலியைத் திருத்தச் சேர்க்கும் துணை நிரல்களான பிளகின்களில், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்நோக்கிப் பார்க்கும் லிமிட்டர் போன்றவை தம் பங்குக்கு ஒரு சுணக்கத்தைச் சேர்க்கும், ஆகவே பதிவு முடியும்வரை அவற்றை அணைத்து வையுங்கள், மிக்ஸிங்கில் பஃபரை 1024-க்கு ஏற்றிக்கொண்டு தாராளமாகப் போடலாம். புளூடூத் ஹெட்ஃபோனில் சுணக்கம் 100 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம், அதைப் போட்டுக்கொண்டு பஃபரை நோண்டிப் பயனில்லை. பாட்டு மட்டும்தான் பதிவு என்றால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரிங் பொத்தானை அழுத்தினாலே போதும், குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் அங்கிருந்தே காதுக்கு வந்துவிடும்.