ஹவாலா: தமிழில் என்ன சொல்வது?

ஹவாலா என்றதும் நமக்குக் கறுப்புப் பணம்தான் நினைவுக்கு வரும். 1990களில், அரசியல் தலைவர்களுக்கு ஹவாலா வழியில் பணம் போனதாக எழுந்த ஜெயின் ஹவாலா வழக்கு நாளேடுகளை நிறைத்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பொருள் அது. சொல்லுக்குள் அந்தக் கறை கிடையாது.

அரபியில் 'ஹ-வ-ல' என்ற வேர் மாறுவதையும் மாற்றுவதையும் குறிக்கும். இஸ்லாமியச் சட்டத்தில் ஹவாலா என்றால் கடனைப் பெயர்த்து வைப்பது: நான் உங்களுக்குத் தர வேண்டியதை, எனக்குத் தர வேண்டிய இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவது. பாரசீகம், உருது வழியாக இந்தியாவுக்கு வந்தபோது 'பொறுப்பு, ஒப்படைப்பு' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பொறுப்பை வைத்திருப்பவர் ஹவால்தார்; நம் வாயில் அவில்தார். காவல் நிலைய லாக்கப்பை இந்திக்காரர்கள் ஹவாலாத் என்பதும் இந்த வழியில்தான்.

பழைய பொருள் இன்னும் பட்டப்பகலில் புழங்கும் இடம், கிழக்கு ஆப்பிரிக்காவில் சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து. 1991 மே 18 அன்று தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. அதன்பின் 34 ஆண்டுகள் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அதை ஏற்கவில்லை. 2025 டிசம்பரில் இஸ்ரேல்தான் முதலில் ஏற்றது. ஏற்பு இல்லாத நாட்டு வங்கியோடு வெளிநாட்டு வங்கிகள் கணக்கு வைத்துக்கொள்ளத் தயங்கும். அதனால் தலைநகர் ஹர்கெய்சாவில் 'ஹவாலத்' (ஹவாலாவின் சோமாலி வடிவம்) என்பது தெருவில் பலகை மாட்டிய கடை. 1970இல் புராவ் நகரில் தொடங்கிய தஹப்ஷீல் நிறுவனம் இந்தத் தொழிலில்தான் பெரிதானது.

லண்டனில் இருக்கும் மகள் தாய்க்கு 200 டாலர் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தொகையோடு ஏறத்தாழ 5 சதவீதக் கமிஷனையும் அங்குள்ள முகவரிடம் கட்டுகிறாள். தாயின் பெயர், தாயின் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், செல்பேசி எண் எல்லாம் சொல்ல வேண்டும். சோமாலியருக்குக் குடும்பப் பெயர் இல்லை. மூன்று பெயரும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று தெரியும். ஹர்கெய்சா கடைக்குத் தகவல் போனதும் தாய்க்குக் குறுஞ்செய்தி வரும். கடையில் டாலராக வாங்கிக்கொள்ளலாம். 2009இல் டெலிசொம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய 'ஸாத்' கைபேசிக் கணக்கிலும் ஏற்றிக்கொள்ளலாம். மகள் கொடுத்த நோட்டு லண்டனிலேயே கிடக்கிறது. நகர்ந்தது கடன்தான்.

அந்தக் கடன் தீர்வது சரக்கில். ஹர்கெய்சாவில் அரிசியும் சர்க்கரையும் இறக்குமதி செய்பவர் துபாய் மொத்த வியாபாரிக்குப் பணம் தர வேண்டும். அவர் ரொக்கத்தை உள்ளூர் ஹவாலத் கடையில் கட்டுவார். நிறுவனம் லண்டனில் சேர்ந்த பணத்தை வங்கி வழியே துபாய்க்கு மாற்றி, மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும். சரக்கு பெர்பெரா துறைமுகத்தில் இறங்கும். கடையில் கட்டிய ரொக்கம் தாய் கைக்குப் போகும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் லண்டன் முனையில். அங்கே வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் துபாய்க்கு மாற்ற வழியில்லை; சங்கிலி அங்கேயே அறும். 2013இல் பார்க்லேஸ் வங்கி தஹப்ஷீலின் கணக்கை மூடுவதாக அறிவித்ததும், அந்த நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது.

சரி, தமிழில்? ஈழத்தமிழர் வாயில் தயாராகவே இருக்கிறது: உண்டியல். 'உண்டியலில் காசு அனுப்பினேன்' என்றால் அங்கே விளக்கம் வேண்டாம். வடநாட்டு 'ஹுண்டி'யின் உறவுச் சொல் இது; நகரத்தார் வணிகத்தில் உண்டியல் என்பது மாற்றுச்சீட்டு. ஹுண்டிக்குக் கையில் சீட்டு வேண்டும், ஹவாலாவுக்குத் தகவல் போதும். அந்த வேறுபாடு இருந்தாலும் சொல் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் கோயில் உண்டியலோடு குழம்பும் என்பவர்கள் 'உண்டியல் முறை' என்று எழுதலாம். சட்ட நூலில் வரும் ஹவாலாவுக்குக் 'கடன்மாற்று' சரியாக இருக்கும்.

அகற்ற வேண்டியது, 'சட்டவிரோதப் பணப்பரிமாற்றம்' என்ற மொழிபெயர்ப்பை. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அனுமதியின்றிச் செய்வது சட்டமீறல்தான். சென்னைச் செய்திக்கு 'அனுமதியில்லா உண்டியல்' என்று எழுதினால் போயிற்று. ஹர்கெய்சாவில் பலகை மாட்டியிருப்பது உண்டியல் கடை.