டைட்டானிக்ல தேர்ட் கிளாஸுக்கும் மத்த கிளாஸுக்கும் நடுவுல கேட் எதுக்கு வச்சாங்க?

அந்தக் காலத்துப் பெரிய பயணிகள் கப்பல்ல கிளாஸ் வித்தியாசம்னா சாப்பாடு, மெத்தை, அலங்கார விளக்கு இதுலதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதுக்கும் முன்னாடி, கப்பலோட எந்த மூலையில உங்களைப் படுக்க வைக்கிறாங்கன்றதுலயே பிரிச்சிட்டாங்க.

அலை வந்தா கப்பலோட முன்பக்கம் ஏறும், பின்பக்கம் இறங்கும், அப்புறம் அப்படியே மாறும். இந்த ஆட்டத்தோட அச்சு கிட்டத்தட்ட நடுவுல இருக்கறதால அங்க படுத்தவங்களுக்கு அசைவு கம்மி, ரெண்டு முனையில இருக்கறவங்கதான் பல அடி மேலயும் கீழயும் போய்ட்டு வரணும், பஸ்ல கடைசி சீட்டு தூக்கிப் போடுமே அந்த மாதிரி. பின்பக்கம்னா ப்ரொப்பல்லர் அதிர்வும் சேந்துக்கும். 1907ல வந்த லூசிட்டானியான்ற கப்பல்ல பின்னாடி இருந்த செகண்ட் கிளாஸ், கப்பல் முழு வேகத்துல போனா ஆள் தங்க முடியாத அளவுக்கு அதிர்ந்துச்சு, அப்புறம் அந்தப் பகுதியைப் பிரிச்சு பலப்படுத்த வேண்டியதாயிடுச்சு.

டைட்டானிக்லயும் நடுப்பகுதி, மேல் தளம் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு. தேர்ட் கிளாஸ்ல தனியா வந்த ஆம்பளைங்க முன் முனையில, குடும்பங்களும் தனியா வந்த பொண்ணுங்களும் பின் முனையில, அதாவது ஒரே ஊர்ல இருந்து சேந்து கிளம்புன அண்ணன் தங்கச்சி கூட கப்பலோட ரெண்டு கோடியில. சுமார் 700 பேருக்கு குளிக்கிற தொட்டி ரெண்டே ரெண்டு.

கேட் விஷயத்துக்கு வருவோம். அதுக்குப் பின்னாடி இருந்தது அமெரிக்க குடியேற்றச் சட்டம். தேர்ட் கிளாஸ்ல வர்றவங்களால தொத்துநோய் பரவும்னு அவங்களைத் தனியா வைக்கணும். நியூயார்க் போனதும் மேல் கிளாஸ்காரங்களை கப்பல்லயே மேலோட்டமா பாத்து இறக்கி விட்ருவாங்க, தேர்ட் கிளாஸை மட்டும் படகுல ஏத்தி எல்லிஸ் தீவுக்கு கொண்டு போவாங்க. அங்க ட்ரகோமான்ற தொத்துற கண்நோய் இருக்கான்னு பாக்க, ஷூவுக்கு பட்டன் மாட்டுற கொக்கியை வச்சு கண் இமையைத் திருப்பிப் பாத்திருக்காங்க. நோய் இருந்தா கப்பல் கம்பெனி சொந்த செலவுல திருப்பிக் கூட்டிட்டுப் போகணும், ஏறும்போதே கண்டுபிடிச்சிருக்க முடியும்னா 100 டாலர் ஃபைன் வேற. கிருமிக்கு கிளாஸ் தெரியாதுன்னு அன்னைக்கே டாக்டர்களுக்குத் தெரியும், இருந்தும் ஆளோட டிக்கெட்டைப் பாத்துதான் சோதனை, இது அப்பட்டமான அநியாயம்.

1912 ஏப்ரல் 14 ராத்திரி பனிமலையில மோதினப்போ லைஃப்போட் எல்லாம் மேல் தளத்துல, அது ஃபர்ஸ்ட், செகண்ட் கிளாஸ் உலாவுற இடம். தேர்ட் கிளாஸுக்கு அங்க போக நேர் வழியே கிடையாது. ஜான் ஹார்ட்னு ஒரு ஸ்டூவர்ட் (பயணிகளைக் கவனிச்சுக்கற கப்பல் ஊழியர்) ரெண்டு தடவை கீழ இறங்கி பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் வழி காட்டி மேல கூட்டிட்டுப் போனாரு, அந்த மனுஷனை கையெடுத்துக் கும்பிடணும். ஃபர்ஸ்ட் கிளாஸ் பெண்கள்ல சுமார் 97 சதவீதம் பேர் பிழைச்சாங்க, தேர்ட் கிளாஸ்ல பாதி கூட இல்ல.

பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையில பாரபட்சமே நடக்கலைன்னு எழுதிட்டாங்க, ஆனா சாட்சி சொல்ல தேர்ட் கிளாஸ் பயணி ஒருத்தரைக் கூட கூப்பிடல. அமெரிக்க விசாரணையில டேனியல் பக்லின்னு ஒரு ஐரிஷ் பையனைக் கூப்பிட்டாங்க. மேல ஏறுற படிக்கட்டு கேட்டை ஒரு மாலுமி பூட்டினதையும், கூட இருந்த ஆளு அதை உடைச்சதையும் அவன்தான் சொன்னான்.